கடைசி முதலாளி

‘விலகு’ என்ற சொல்லின் மேல் அவள் கட்டைவிரல் விழுவதற்கும் இரும்புக் குண்டு வந்து மோதுவதற்கும் சரியாக இருந்தது. செல்போன் திரை குலுங்கியது. ரோபோ ஒட்டகச்சி முழங்கால் மடங்கி, சதுரம் சதுரமாக உதிர்ந்து, தரையில் குவிந்தாள். கறுப்பில் வெள்ளை எழுத்து ஒவ்வொன்றாக வந்து நின்றது: விமானி வீழ்ந்தான்.

"போச்சா?" என்றார் சிக்னல் மாமா.

"போச்சு."

"சரி, சுமையை அமுக்கு. மறுபடி பாப்போம்."

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். முதுகுக்குத் தலையணைகள், மூக்கில் குழாய். கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் இயந்திரம் கிழட்டு நாய் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காலையில் வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சொல்ல வேண்டியவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணனுக்குச் சொல்லியாகிவிட்டது. காரில் வந்துகொண்டிருந்தான்.

அப்பாவின் பேச்சு நேற்றே நின்றுவிட்டது. கண் நிற்கவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். நாள் முழுக்க ஊரார் கண்மணிகளைப் பார்ப்பதுதான் பிழைப்பு. கட்டிலின் சாப்பாட்டுப் பலகையில் தண்ணீர் ஜாடிக்குச் சாய்த்துச் செல்போனை நிறுத்தியிருந்தாள். எந்தத் தூரத்தில் வைத்தால் அப்பாவுக்குத் தெளிவாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். திரையில் குண்டு வலப்பக்கம் போனால் அப்பாவின் கண்மணியும் வலப்பக்கம் போனது. அது போதும். பார்க்கிறார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி முதலாளியை வீழ்த்தியாக வேண்டும். வேறு எதுவும் இப்போது அவள் கையில் இல்லை.

அந்த விளையாட்டின் தமிழ் அப்படி. பழைய காலத்துக் கையடக்க விளையாட்டுப் பெட்டிகளில் பட்டாணி பட்டாணியாகப் புள்ளி வைத்துப் படம் வருமே, அதே பாணியில் புதிதாகச் செய்த செல்போன் ஆட்டம். ராட்சத ரோபோவின் நெஞ்சுக்குள் ஒரு குட்டி அறை, அதில் ஒரு விமானி. வீட்டு ஜன்னலில் விளக்கை எரியவிட்டுக் கிளம்புகிறவன், ஊர் ஊராக நடந்து, எதிரிகளை அடித்து, பலம் சேர்த்து, கடைசிப் பெரிய எதிரியிடம் போய் நிற்க வேண்டும். வென்றால் வீடு திரும்பி ஏணியில் இறங்கலாம். யாரோ ஒரு புண்ணியவான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தமிழாக்கியிருந்தான். அந்தப் பெரிய எதிரியைக் குறிக்கும் பாஸ் என்ற சொல் முதலாளி ஆகியிருந்தது. விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தை லோடு செய்யும் பொத்தானுக்குப் பெயர் சுமை. சேவ் செய்வதற்கு, காப்பாற்று.

ஆயுள் முழுக்க கிரேன் ஓட்டிய அப்பாவுக்குச் ‘சுமை’ விசித்திரமாகவே படவில்லை. எல்லா வேலையும் அதில்தானே தொடங்குகிறது. கீழே நின்று அவருக்குக் கைச்சைகை காட்டிய சிக்னல் மாமாவுக்கோ முதலாளி மேல் தனிப் பிரியம். நாம ரெண்டு பேரும் ஒரு முதலாளியைக்கூட அடிச்சதில்லை மச்சான், இவனையாவது விடாதே என்று வரும்போதெல்லாம் ஏற்றிவிட்டுப் போவார்.

ரோபோவின் பெயரும் கிரேனிடமிருந்து வந்ததுதான். வேலையிடத்தில் எல்லோரும் அப்பாவின் கிரேனை ஒட்டகச்சிவிங்கி என்பார்கள். அதையே அடித்துப் பார்த்தார். பெயர்க் கட்டத்தில் இடம் போதாமல் ஒட்டகச்சியோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் அம்மாவுக்கு ஒரு சக்களத்தி. சோறு ஆறிப்போனால், அவளையே பரிமாறச் சொல்லுங்க, ரெண்டு கையும் இரும்பு, சூடு தாங்கும் என்பாள்.

சிக்கல் ‘காப்பாற்று’வில் வந்தது.

போன மழைக்காலத்தில் ஒட்டகச்சி கடைசி முதலாளியின் முன்னால் போய் நின்றாள். அவன் நடக்கும் கோட்டை. கையில் சங்கிலி, சங்கிலி நுனியில் குண்டு. நாலு அடி வாங்கியதும் ஒட்டகச்சியின் உயிர்க்கோட்டில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மிச்சம். குண்டு மறுபடி சுழலத் தொடங்கியது. அப்பா பதறிப்போய்க் கண்ணில் பட்ட ‘காப்பாற்று’வை அமுக்கினார். ஆட்டம் ஒட்டகச்சியைக் காப்பாற்றவில்லை. அந்த நிலைமையை அப்படியே பத்திரப்படுத்திக்கொண்டது. முன்பு சேமித்ததெல்லாம் அழிந்தது. அன்றிலிருந்து ‘சுமை’யை எப்போது அமுக்கினாலும் அதே இடம், அதே ஒற்றைப் புள்ளி, தலைக்கு மேலே அதே குண்டு.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது காப்பாத்துறது இல்லப்பா, சேவ் பண்றது."

"காப்பாத்துன்னு எழுதியிருக்கு, அமுக்கினேன். காப்பாத்தலைன்னா தப்பு யார் மேல?"

முதலிலிருந்து ஆடலாமே என்றாள். மறுத்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்தவனை நடுவில் விட்டுவிட்டு இன்னொருத்தனைக் கூட்டிவரச் சொல்கிறாயா என்று கேட்டார். வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிரேன் அறைக்குள் சரிந்த அன்று, அப்பாவைத் தூக்குக் கூடையில் கட்டி, இன்னொரு கிரேனால் இறக்கினார்கள். சைகை காட்டியது இந்த மாமாதான். அதற்குப் பிறகு அப்பா மேலே ஏறவே இல்லை. அந்தப் பேச்சை எடுப்பதும் இல்லை. ஒரே ஒரு தடவை, திரையைப் பார்த்தபடி சொன்னார்:

"நான்தான் ஏணியில எறங்கலை. இவனாவது எறங்கட்டும்."

இப்போது அவள் ‘சுமை’யை அமுக்கினாள். சிவப்புப் புள்ளி. சுழலும் குண்டு. கீழே பொத்தான்கள்: தாக்கு, தடு, விலகு, நெருங்கு, காத்திரு. மேலே நேரக்கோடு தேய்ந்துகொண்டிருந்தது. அது தீர்வதற்குள் ஒன்றைத் தொட வேண்டும். தாக்கினால் அவன் முந்திக்கொள்கிறான். தடுத்தால் கேடயத்தோடு நொறுக்குகிறான். விலகினால் சங்கிலி நீள்கிறது. நெருங்குவதா? ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொண்டு அவன் மடிக்குள் போகிறவர் யார்?

போர்வையின் மேல் அப்பாவின் கை அசைந்தது.

"தண்ணியா பா?"

கை மறுத்தது. உள்ளங்கை நிமிர்ந்து, மெல்ல முன்னால் தள்ளியது. திரும்பவும் தள்ளியது. சிக்னல் மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாப்பா, முன்னால போகச் சொல்றான்."

"முன்னாலயா? செத்துடுவாங்க மாமா."

"சொல்றான்ல, போ."

நேரக்கோடு தீரும் இடத்தில் அவள் ‘நெருங்கு’வைத் தொட்டாள். ஒட்டகச்சி ஓர் அடி வைத்தாள். குண்டு வந்தது. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, ஒட்டகச்சியின் முதுகுக்குப் பின்னால், காற்றை அறைந்துகொண்டு போனது. சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிரேன்ல ஆடுற லோடை விட்டு ஓடக் கூடாதும்மா" என்றார் மாமா. "அதை நோக்கிப் போனாதான் அடங்கும். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

அப்பாவின் ஆள்காட்டி விரல் போர்வையைப் பார்த்துக் கீழே குத்தியது.

"எறக்கு. கையை எறக்கு."

‘தாக்கு.’ ஒட்டகச்சியின் இரும்புக் கை கோட்டையின் மேல் இறங்கியது. முதலாளியின் நீளமான உயிர்க்கோட்டில் ஒரு துண்டு உடைந்து விழுந்தது. இத்தனை மாதத்தில் அது உடைந்து யாரும் பார்த்ததில்லை. மாமா தொடையில் தட்டிக்கொண்டார். முதலாளி குண்டைச் சுழற்ற இடம் தேடிப் பின்வாங்கினான். குண்டு மறுபடி கிளம்பியது. உள்ளங்கை தள்ளியது. "முன்னால." நெருங்கு. விரல் குத்தியது. "எறக்கு." தாக்கு. காலமெல்லாம் கீழே நின்று மாமா காட்ட, மேலே இருந்து அப்பா செய்தார். இன்று அப்பா காட்டினார். மாமா பழைய வாக்கி டாக்கிக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால, முன்னால, இன்னும் கொஞ்சம், எறக்கு.

கோட்டைச் சுவர் சரிந்தது. ஒரு கோபுரம் போனது. அவள் முதுகில் வியர்வை ஊர்ந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க, கொஞ்சம் அடக்கமா இருங்களேன் என்றாள்.

அப்போது திரை முழுக்கப் பச்சையானது. அண்ணன் அழைக்கிறான்.

எடுத்தால் ஆட்டம் மூடிக்கொள்ளும். மூடினால் மறுபடி ‘சுமை’, மறுபடி முதலிலிருந்து. அந்தக் கைக்கு இன்னொரு முறை தெம்பு இருக்குமா? மாமா, எடும்மா, வழியில என்னவோ என்று இழுத்தார். அவள் அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். அண்ணனின் பெயரை அது படித்தது. பிறகு அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்ததைத் தேடியது.

அவள் அழைப்பை வெட்டினாள்.

அடுப்படியில் அம்மாவின் போன் அடித்தது. "இருக்காரு, வா. நிதானமா ஓட்டு" என்று அம்மா சொல்வது கேட்டது. பிறகு, "அவளா? அவ சண்டை போட்டுக்கிட்டிருக்கா."

முதலாளிக்கும் இப்போது ஒரே ஒரு புள்ளி. ஒட்டகச்சிக்கும் ஒன்று. அவன் குண்டைத் தலைக்கு மேல் சுழற்றினான். இதுவரை இல்லாத வேகம். திரையே சிவந்தது. அவள் விரல் ‘தாக்கு’வின் மேல் நின்றது. இறக்கினால் முடிந்தது. கையைப் பார்த்தாள்.

கை மூடிக்கொண்டது. விரல்கள் எல்லாம் உள்ளே மடங்கி, இறுகி, முட்டியாக நின்றது.

"நிறுத்தச் சொல்றான்" என்றார் மாமா. "எல்லாத்தையும் நிறுத்து."

"ஒரே அடி மாமா. ஒரே அடியில போயிடுவான்."

"நிறுத்துன்னா நிறுத்தணும் பாப்பா."

நேரக்கோடு நூலாகியது. அவள் ‘காத்திரு’வைத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் வந்தது. வழக்கமான சத்தம் இல்லை. கண்ணைத் திறந்தாள். ஒட்டகச்சி நின்றுகொண்டிருந்தாள். முதலாளி வீசிய குண்டு யார் மேலும் படாமல் சுற்றி வந்து, சங்கிலி அவன் கால்களிலேயே வரிந்து, கோட்டை முழுதும் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டிருந்தது. சாய்ந்தது. திரை மூன்று முறை குலுங்கியது. புழுதி சதுரம் சதுரமாகப் பறந்தது. கடைசி முதலாளி வீழ்ந்தான்.

மாமா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவளும் சிரித்தாள், அழுதாள், எது எது என்று தெரியவில்லை. முட்டி இன்னும் இறுகியே இருந்தது. அது சைகையா, வலியா என்று அவள் மாமாவைக் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

"பா, பாருங்க. பாருங்கப்பா, வீட்டுக்கு வந்துட்டாங்க."

திரையில் அந்தி. ஒட்டகச்சி தன் இடத்தில் நின்றாள். நெஞ்சிலிருந்த சின்னக் கதவு திறந்தது. பட்டாணி அளவு விமானி வெளியே வந்து, திரும்பி, ஏணியில் கால் வைத்தான். பழைய பாணி ஆட்டம், அவசரமே கிடையாது. ஒரு படிக்கு ஒரு டொக். டொக். டொக். அப்பாவின் கண்மணி படிப்படியாகக் கீழே வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, கண்ணைத்தான் பார்த்தாள். அதில் சின்னதாக ஓர் ஏணி இருந்தது. டொக். மாமாவின் வலக்கை தன்னையறியாமல் இடுப்பருகே எழுந்து, மெதுவா, மெதுவா என்று காட்டிக்கொண்டிருந்தது.

விமானி தரையைத் தொட்டான். தொப்பியைக் கழற்றினான். வலப்பக்கம் திரும்பி, ஜன்னலில் விளக்கு எரிந்த வீட்டை நோக்கி நடந்தான்.

அப்பாவின் கண் வலப்பக்கம் போகவில்லை. ஏணியின் கடைசிப் படி இருந்த இடத்திலேயே நின்றது.

அவள் காத்திருந்தாள். விமானி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான். கதவு திறந்தது. கண் அங்கேயே இருந்தது. போர்வையின் மேல் முட்டி அவிழ்ந்து, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்திருந்தன. எப்போது என்று தெரியவில்லை. மாமாவின் கை பாதியில் நின்றது. அவர் மெல்லக் குனிந்து, இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். அறை அவ்வளவு பெரியது என்பது அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் தெரிந்தது.

சத்தம் நின்றதும் அம்மா வந்தாள். கையில் ஈரம். வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் நெற்றி முடியை ஒதுக்கினாள். ஜாடியில் சாய்ந்திருந்த செல்போன் டிங் என்றது. திரையில் ஒரு வரியும் இரண்டு கட்டங்களும்.

"என்னடி கேக்குது அது?" என்றாள் அம்மா.

அவள் குனிந்து அதைப் படித்தாள்.

"காப்பாத்தவான்னு கேக்குது மா."

அம்மா திரையை வெகுநேரம் பார்த்தாள். அது மங்கத் தொடங்கியது. கைத்துணியில் ஆள்காட்டி விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, குனிந்து, ‘ஆம்’ என்பதை அமுக்கினாள். அமுக்கிய விரலை எடுக்கவில்லை.