நான்கு நீல மெழுகுவர்த்திகள்

கொள்ளைக்காரர்கள் கடல்வழி வராமலிருக்க ஸ்பெயின்காரன் கட்டிய கோட்டை. இப்போது பிலார் மாதா சுரூபம் இருக்கும் அதன் வெளிச்சுவரில் ஸாம்போவாங்கா ஊர் முழுவதும் வந்து அழுதுவிட்டுப் போகிறது. அந்தச் சுவரடியில்தான் நான் மெழுகுவர்த்தி விற்கிறேன். சிவப்பு காதலுக்கு, பச்சை தொழிலுக்கு, நீலம் கடலில் போனவர் திரும்பி வர, கறுப்பு செத்தவர்களுக்கு. கறுப்புக்கு நான் புது மெழுகு வாங்குவதில்லை. எரிந்து வழிந்ததையெல்லாம் சுரண்டி ஒன்றாக உருக்கினால் தானாகவே கறுத்துவிடும்.

புயலுக்குப் பிறகு சனிக்கிழமைதோறும் மரிசெல் வந்தாள். அவள் கணவன் லிட்டோவின் படகு திரும்பவில்லை. முதல் வாரமே, மீன்பிடிக்கப் போன என் வீட்டுக்காரர் எதிர்த் தீவில் ஒரு பிணத்தைக் கண்டிருந்தார். கையில் 'மரிசெல்' என்று பச்சை குத்தியிருந்ததாம். மணலில் புதைத்துவிட்டு வந்தார்.

"வாயத் தொறந்தே, போலீஸ் விசாரணைன்னு நம்ம படகத்தான் புடிச்சு வப்பான்" என்றார். நானும் மூடிக்கொண்டேன். நான்கு வாரம் அவளுக்கு நீலம் விற்றேன். நான் மனுஷியே இல்லை.

ஐந்தாம் சனிக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தாள். "அக்கா, நேத்து கனவுல வந்து சிரிச்சாரு!"

"வந்தா ஒங்கிட்ட வாங்கப்போற திட்ட நெனச்சுச் சிரிச்சிருப்பான்."

"திட்டா? மொதல்ல அடி, அப்புறந்தான் சோறு. நீலம் குடுங்க."

நானும் சிரித்தேன். சிரித்தபடியே தட்டிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் கையில் இருந்தது கறுப்பு.

"ஏன் அத எடுத்தீங்க?"

கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க பொதச்சாரு? நான் பாக்கணும்."

"அலையடிக்கிற எடம், மரிசெல். போன வாரம் போய்ப் பாத்தாரு. மணலோட கடல் அரிச்சுட்டுப் போயிருச்சு."

அவள் கத்துவாள், என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.

"தெரிஞ்சே வித்தீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கறுப்பை வாங்கிப் பற்றவைத்து, கோட்டைச் சுவரடியில் முழங்காலிட்டாள்.

அந்தக் கறுப்பு நேற்று நான் வார்த்தது. அவள் ஏற்றிய நான்கு நீலமும் அதில்தான் இருந்தன. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.