சாப்ஸ்டிக் பெட்டியின் உரிமையாளர்

எங்கள் கம்பெனி கேட்டுக்குள் யார் எந்த இரும்புச் சாமான் கொண்டுபோனாலும் அதற்கொரு ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது அது கம்பெனியின் பொருளாகிவிடும். என் பையிலிருந்த நீளப் பெட்டியை முதல் நாள் மெட்டல் டிடெக்டர் காட்டிக்கொடுத்தது. உள்ளே இருந்த இரண்டு எவர்சில்வர் சாப்ஸ்டிக்குகளையும் செக்யூரிட்டி கரியப்பன் மெஷின் பாகம் என்றே நினைத்துவிட்டார்.

"சாப்பிடற குச்சிண்ணா," என்றேன்.

"யாருதும்மா?"

"எங்க வீட்டுக்காரருது."

கேட்டதற்குச் சொன்னேன், அவ்வளவுதான். பெட்டியின்மேல் 'உரிமையாளர்: கௌதம்' என்று ஒட்டிவிட்டார்.

கௌதமை அவருடைய கம்பெனி ஓசூரிலிருந்து இரண்டு வருடத்துக்குக் கொரியா அனுப்பியிருந்தது. முதல் லீவில் வந்தபோது அந்தப் பெட்டியை என் கையில் வைத்து, "பழகிக்கோ பிரியா. அடுத்த கான்ட்ராக்ட்டுல குடும்பத்தயும் கூட்டிக்கிட்டுப் போலாமாம்," என்றார். அவர் சொன்னது அந்த ஒரு பேச்சு. நான் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டேன்.

கேன்டீனில் தினமும் குச்சிகளோடு மல்லுக்கட்டினேன். "நீ சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள அடுத்த ஷிப்டே வந்துரும்க்கா," என்று பக்கத்து சீட் தர்ஷினி சிரிப்பாள். சிரிக்கட்டும். மூன்றாவது மாதம் எலுமிச்சை சாதத்திலிருந்து ஒற்றை வேர்க்கடலையை நழுவவிடாமல் எடுத்தேன். பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டேன். எனக்குப் போக வேண்டும். அவரோடு இருப்பதற்காக மட்டுமில்லை. ஊத்தங்கரைக்கும் ஓசூருக்கும் நடுவே பஸ்ஸிலேயே கழிந்த ஆயுள் இது. ஒருமுறையாவது விமானத்தில் ஏறி, பனி விழுகிற ஒரு தெருவில் இறங்கி நடக்க வேண்டும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தத் தெருதான் கண்ணில் நிற்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வருடமும் முடிந்து, அவர் வந்தார். என் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டுமே என்று குச்சிகளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அத எடுத்து வை. ரெண்டு வருசமா பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு."

ரசம் சாதத்தைக் கையால் பிசைந்தபடியே, "திரும்பவும் கூப்ட்டாங்க. வேண்டாம்னுட்டேன்," என்றார்.

"குடும்பத்தோடயா கூப்ட்டாங்க?"

"குடும்பத்தோடதான். அங்க என்ன இருக்கு? உன் சமையலுக்கு ஏங்கியே இளைச்சுப் போயிட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அப்படிச் சாப்பிடுகிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

மறுநாள் காலை கேட்டில் கரியப்பன் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வீட்டுக்காரரு வந்துட்டாராமே. அவருகிட்டயே குடுத்துடலியா?"

"அவருக்கு வேண்டாமாம்ண்ணா."

"அப்பறம் எதுக்கும்மா இதத் தூக்கிக்கிட்டு அலையற?"

கௌதம் பெயர் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். எளிதில் வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது.

"புதுசு ஒண்ணு ஒட்டுங்கண்ணா," என்றேன். "ஜெயப்பிரியான்னு என் பேர எழுதுங்க."