பதினைந்து வாரத் தாமதம்

மேலாளரின் பழைய கணினியில் இருந்த மின்னஞ்சல், நாள்காட்டி எல்லாவற்றையும் புதுசுக்கு மாற்றச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இதே கிடங்கில் ஆறு வருடம் இரும்புத் தகடு சுமந்தவன் நான். முதுகு போன பிறகுதான் கணினி வேலை கற்றுக்கொண்டு மாடி ஏறினேன். எல்லாருக்கும் நான் 'ஒயரு'.

"எல்லாம் வந்துடுமாப்பா?" என்றார் மேலாளர்.

"மூட்டைப்பூச்சி உட்பட வந்துடும் சார்."

சிரித்தார். "முடிஞ்சதும் பழசைச் சுத்தமா அழிச்சிடு."

பதினோராயிரம் கடிதங்கள் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்து வந்து சேர்ந்தன. நாள்காட்டியைத் தனியாகப் பென்டிரைவில் எடுத்துப் புதுசில் ஏற்றினேன். ஏற்றும்போது, பழைய நினைவூட்டல்கள் வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வந்தவளைப் பார்த்ததும் குறி போட மறந்துபோனேன்.

நெட்டையனின் மனைவி. பத்து நாளைக்கு முன் கிரேன் வடம் அறுந்து, தகட்டுக் கட்டு நெட்டையன் மேல் விழுந்தது. அவனும் நானும் ஒரே தகட்டின் இரண்டு முனையைப் பிடித்தவர்கள்.

மேலாளர் அவள் முன்னால் ஒரு தாளைத் தள்ளினார். எச்சரிக்கையை மீறித் தன் கணவர் பாரத்துக்குக் கீழே நின்றதுதான் விபத்துக்குக் காரணம் என்று அவள் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்தும்மா. ஃபைலை மூடிடலாம்."

"அவரு அப்படி நிக்கிறவரு இல்ல சார். வீட்டுப் பரண் கீழகூட என்னை நிக்க விடமாட்டாரு."

"நாலு பேரு பாத்துச் சொன்னதும்மா. செத்தவரைப் பத்தி நான் பொய் சொல்வேனா?"

அந்த நாலு பேரை எனக்குத் தெரியும். நாலு பேருக்கும் இங்கேதான் பிழைப்பு.

அவள் பேனாவை எடுத்தாள். மணியடித்தாற்போல் புதுக்கணினி ஒலித்தது. ஒயர் எட்டாததால் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். தவறிப்போன நினைவூட்டல்கள் வரிசையாக எழும்பின. பல் டாக்டர். கல்யாண நாள். மூன்றாவது வரியை அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"கிரேன் வடம் நைந்துவிட்டது, உடனே மாற்று. பதினைந்து வாரம் தாமதம்."

பேனா அப்படியே நின்றது.

"அது பழைய குறிப்பும்மா. செஞ்சது செய்யாதது எல்லாம் சேர்ந்து வந்திருக்கு. வடத்தை அப்பவே மாத்தியாச்சு."

"மாத்தியிருந்தா புது வடம் எப்படி சார் அறுந்துச்சு?"

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறே? எடு அதை!"

அவள் தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனாள். நான் அந்த வரியை நீக்கினேன். அவர் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்கப் பழைய கணினியை அழித்தேன். பென்டிரைவையும் பிடுங்கிக்கொண்டார். என் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். யோசிக்காமலே கை செய்துவிட்டது.

சாயங்காலம் வேலை விட்டுப் போகும்போது வாசலில் நின்றிருந்தாள்.

"தம்பி, அது இன்னும் இருக்கா?"

"இல்ல அண்ணி. அழிச்சாச்சு."

"யாரு அழிச்சது?"

"நான்தான்."

என் கையைப் பார்த்தாள். "நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"எங்கிட்டச் சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே."

காவலாளியின் ஸ்டூலில் அந்தத் தாளைக் கவிழ்த்து விரித்தாள். மேலாளரின் பேனாவும் அவளிடமே இருந்தது. "எங்க வீட்டுக்காரரு நல்லவருன்னு எழுத வேணாம். கண்ணால பாத்தது, கையால செஞ்சது, ரெண்டையும் எழுது."

காவலாளி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். மாடி ஜன்னலில் மேலாளர் நின்றிருந்தார். குனிந்து எழுத எழுத முதுகு பிளந்தது. தேதி, நேரம், அந்த வரி, அழிக்கச் சொன்னவர், அழித்தவன். அடியில் கிறுக்கலாக ஒரு கையெழுத்து.

"முழுப் பேரையும் போடு தம்பி."

போட்டேன். அவள் அதை வாசித்துப் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். ஜன்னலில் இப்போது யாரும் இல்லை. படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. இனி மாடியில் எனக்கு வேலை இல்லை. கீழே தகடு தூக்க முதுகும் இல்லை.