மூன்றாம் மாடி வடக்கு அறைச் சுவர்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. யார் தொட்டியில் டர்பன்டைன் ஊற்றினார்கள், யார் காபிப் பாத்திரத்தைக் கழுவாமல் போனார்கள், யார் ஒரே படகை ஏழு வருஷமாகத் திருப்பித் திருப்பி வரைகிறார்கள், எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். அப்பேர்ப்பட்ட வாய் திறக்க வேண்டிய ஒரே ஒரு நாளில் திறக்கவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

பூரோஸ் ஊரில் ஆற்றை ஒட்டி நிற்கும் பழைய பின்னலாடை மில்லில்தான் நாங்கள் இருபத்திரண்டு பேர் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். வாடகை ரொம்பக் குறைவு. அதனால் உள்ளே வந்தவர்கள் வெளியே போவதே இல்லை, வாசலில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அதற்காகவே சங்கத்தில் ஒரு விதி: ஓர் அறையில் ஆறு மாதம் ஆள் நடமாட்டமும் இல்லை, தகவலும் இல்லை என்றால் அறை அடுத்தவருக்குப் போய்விடும். எழுதாத விதி ஒன்றும் உண்டு. கதவு சாத்தியிருந்தால் தட்டக் கூடாது. காபி நேரத்தில் மழை, முழங்கால் வலி, மருமகள் என்று எதை வேண்டுமானாலும் பேசலாம், உள்ளே என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது.

என் அறை தரைத்தளத்தில், பாய்லருக்குப் பக்கத்தில், தெற்குப் பார்த்தது. பத்து மணிக்கே வெயில் வந்து கித்தான் மேல் உட்கார்ந்துகொள்ளும். காலையில் கலந்த நீலம் மத்தியானம் வேறு நீலமாகத் தெரியும். ஓவியம் தீட்டுகிறவளுக்கு வடக்கு ஜன்னல் வேண்டும். அதில்தான் வெயில் வராது, நாள் முழுக்க ஒரே வெளிச்சம். பதினோரு வருஷம் அதற்காக ஏங்கினேன், வடக்கு அறை காலியானால் முதலில் எனக்கு என்று சங்கத்தில் பெயரும் எழுதி வைத்திருந்தேன். வடக்கு அறைகளில் நல்லது மூன்றாம் மாடியில் இருந்தது. அது தூவாவினுடையது.

தூவா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், ஆனால் நாங்கள் ஒருவரை ஒருவர் 'டீ' போட்டுத்தான் பேசிக்கொள்வோம். ஒரு காலத்தில் ஆள் உயர ஓவியங்களாகத் தீட்டித் தள்ளியவள். அப்புறம் நிறுத்திவிட்டாள். அறையில் எண்ணெய் வாசனை கிடையாது, கித்தான் ஏறி இறங்காது. வருஷத்துக்கு ஒருநாள் ஊர் ஜனங்களுக்கு எல்லா அறையையும் திறந்துவிடுவோம், அன்றைக்கும் அவள் கதவு மூடியே இருக்கும். ஆனால் பத்து மணி காபிக்கு மட்டும் ஏலக்காய் பன்னோடு டாணென்று ஆஜராகிவிடுவாள். அவள் பன்னையே தின்றுகொண்டு நான் உள்ளுக்குள் பொருமுவேன். இவ்வளவு நல்ல வெளிச்சத்தைப் பூட்டி வைத்திருக்கிறாளே பாவி என்று வயிறு எரியும்.

ஒரு செப்டம்பரில் மாடிப்படியில் அவளைப் பார்த்தேன். கையில் பெட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட, ஓடிப்போறியா?" என்றேன்.

"இந்த இடுப்போட எவன்டி என்னைக் கூட்டிட்டு ஓடுவான்? ஆபரேஷன். வடக்கே லூலியோவுல தங்கச்சி வீட்டுல தங்கிக்கறேன். மே மாசம் வந்துடுவேன். ரூபென்கிட்ட நீயே சொல்லிடு. நான் போய்ச் சொன்னா அவன் தன்னோட முதுகுவலிக் கதைய ஒரு மணி நேரம் சொல்லுவான், எனக்கு ரயில் போயிடும்."

"சொல்லிடறேன் போ."

"மறந்துடாதடி மாய்கென். சூரியன் உள்ள வர்றதுக்குள்ள நான் வந்தாகணும்."

வடக்கு ஜன்னலில் ஏது சூரியன், கிழவிக்கு இடுப்போடு மூளையும் தேய்ந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ரூபென்தான் எங்கள் சங்கத் தலைவர். மரச் செதுக்கல் செய்பவர், தங்கமான மனுஷர். முதல் மாதம் அவரிடம் சொல்ல நிஜமாகவே மறந்துதான் போனேன். இரண்டாம் மாதம் ஞாபகம் வந்தது, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அப்புறம் ஜனவரியில் அவரே தூவா கதவைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அன்றைக்குத்தான் எனக்குள் அந்தக் கணக்கு ஓடியது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதம், மார்ச்சில் ஆண்டுக் கூட்டம். நான் ஒன்றும் சொல்லாமல் அவரைக் கடந்து போய்விட்டேன்.

கூட்டத்தில் ரூபென் கேட்டார். "வீட்டுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்ல. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. தூவாவப் பத்தி யாருக்காவது ஏதாவது தெரியுமா?"

ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். நான் காபி குடித்தேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா. மாய்கென், நீதான அவகூட ஒட்டிக்கிட்டிருப்ப. உனக்கு ஏதாவது..."

"என்கிட்ட எங்க சொன்னா," என்றேன். அவ்வளவுதான். இத்தனைக்கும் என் குரல் துளிகூட நடுங்கவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். அறை எனக்குத்தான் வரும் என்பதால் நான் கை தூக்கக் கூடாது என்று பெரிய நேர்மைக்காரி மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

புதிதாக வருகிறவர் அறைக்கு வெள்ளையடித்துவிட்டுத்தான் சாமான் ஏற்ற வேண்டும், அதற்கு மற்றவர்களும் ரோலரோடு வந்து கை கொடுப்பார்கள். இது எங்கள் வழக்கம். தூவாவின் சாமான் என்று ஒரு நாற்காலி, ஒரு டப்பா பென்சில், இரண்டு கம்பளிதான் இருந்தன. கீழே நிலவறையில் கொண்டுபோய் வைத்தோம். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் மட்டும் சாம்பல் நிறத்தில் அழுக்கு மாதிரி படர்ந்திருந்தது. ரூபென் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"மாய்கென், இது பென்சில் கோடு மாதிரியில்ல இருக்கு? எவ்வளவு கோடு பாரு."

"மில்லுக்காரங்க துணி அளந்து கிறுக்கியிருப்பாங்க. விடுங்க, வந்த வேலையப் பாப்போம்."

இரண்டு பூச்சு அடித்தோம். முதல் பூச்சை அந்தச் சுவரில் நானேதான் அடித்தேன். சாயங்காலம் பட்டாணி சூப் குடித்துக் கொண்டாடினோம். அந்த ஒரு மாதம் நான் தீட்டியதுபோல் வாழ்நாளில் தீட்டியதில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் பத்தாம் தேதி கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் கட்டடத்தில் யாரும் தட்ட மாட்டார்களே என்று திறந்தேன். கைத்தடியோடு தூவா. என்னைப் பார்க்கவில்லை, என் ஓவியங்களையும் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

"இதுல கோடு இருந்துச்சே," என்றாள்.

அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம் அல்லவா? வரும். எங்கள் ஊரில் கோடைச் சூரியன் வடகிழக்கில் தள்ளி உதிப்பதால் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை, விடிகாலை ஐந்து ஐந்தரைக்கு எதிர்க் கட்டடத்தைத் தாண்டி, அரை மணி நேரம். இந்த அறைக்கு வந்த முதல் கோடையில் தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து பத்தொன்பது கோடை, ஒவ்வொரு விடியலும் வந்து வெயிலின் ஓரத்தைச் சுவரில் கோடு இழுத்திருக்கிறாள். முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் பன் சுட்டு எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு வருவாளாம். மேகம் மூடின நாளுக்குக் கோடு இல்லை. இருபதாவது கோடை முடிந்ததும் எங்களையெல்லாம் ஒரு விடியலில் கூப்பிட்டுக் காட்ட நினைத்திருந்தாளாம். இந்த வருஷம்தான் இருபது.

"அறைய எடுத்துக்கோடி. இன்னிக்கே காலி பண்றேன்," என்றேன்.

"அறைய வெச்சு என்னடி பண்ண? எனக்கு எழுபத்திரண்டு. இன்னொரு இருபது கோடைக்கு எங்க போவேன்?" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ ரூபென்கிட்ட சொன்னதான?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கால் பிடித்து அழுதிருக்கலாம். திட்டியிருப்பாள், கைத்தடியால் ஒரு போடு போட்டிருப்பாள், அத்தோடு போயிருக்கும்.

"சொன்னேன்டி," என்றேன். "கூட்டத்துல விதி விதின்னு பேசுனாங்க. யாரும் கேக்கல."

அவள் கண் நிறைந்துவிட்டது. என் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும். நீயாவது எனக்காகப் பேசினியே."

விஷயம் தெரிந்ததும் ரூபென் பூங்கொத்தோடு அவள் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே கதவை அறைந்து சாத்திவிட்டாளாம். வந்து என் அறையில் உட்கார்ந்து, "இன்னொரு தடவ விசாரிச்சிருக்கணும் மாய்கென், அந்தக் கோட்டப் பாத்தப்பவே எனக்குப் பட்டுச்சு," என்று பெரிய மனுஷர் தேம்பித் தேம்பி அழுதார். நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அந்த வருஷமே தலைவர் பதவியை விட்டுவிட்டார். இரண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. சந்தையில் அவரைக் கண்டால் அவள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

தூவாவுக்கு இப்போது மாடி ஏற முடியாது. மே நடுவிலிருந்து விடிகாலையில் எனக்குப் போன் செய்வாள். நானும் போய்க் காத்திருப்பேன். எப்படிப் போகாமல் இருப்பது?

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுடி. சுவத்துக் குழாய்க்கு மேல ஒரு சாண் இருக்கு."

"கோடு போட்டியா?"

"போட்டேன்."

இது நான்காவது கோடை. சுவரில் என் கோடுகளும் லேசாகச் சாம்பல் பூத்திருக்கின்றன. இன்று காலை போனை வைக்கப் போகும்போது, "மாய்கென், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றாள். "நான் போனப்புறம் இத எல்லாருக்கும் திறந்து காட்டு. யாரு வரஞ்சதுன்னு கேட்டா ரெண்டு பேர் பேரையும் சொல்லு. அந்தக் கூட்டத்துல என் பக்கம் நின்னவ நீ ஒருத்திதானடி."

சரி என்றேன்.