வாய் திறந்தால் பதினைந்து கெஜம்

முப்பத்தாறு வயதில் கேஸ்பர் டோர்னுக்கு முழங்கால் ஒன்றுதான் எதிரி. வாரத்தில் ஆறு நாள் ஒஹையோ ஆற்றங்கரைக் கண்ணாடி ஆலையில் உலைக்கு முன்னால் நிற்பான். ஞாயிறு மதியம், சம்பளத்துக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஆலை அணிக்கு ஆட்டக்காரனும் அவனே, கோச்சும் அவனே. களத்தில் பந்தைவிட அவன் குரல்தான் அதிகம் ஓடும்.

அன்று பெல்டன் ஊர்க்காரர்களோடு ஆட்டம். "ஜெயிச்சா அடுத்த வருஷமும் நீதான் கோச். தோத்தா, காலேஜ் படிச்சவன் எவனையாச்சும் கூட்டியாந்துருவேன்" என்று மேலாளர் ஹாஸ்கின் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஐந்து நிமிடம்தான் பாக்கி. மூன்று புள்ளி பின்தங்கிய நேரம் பார்த்து முழங்கால் மடங்கியது. இருவர் தூக்கி வந்து பெஞ்சில் போட்டார்கள். இனி இறங்க முடியாது. அதுகூடப் பரவாயில்லை. பெஞ்சிலிருந்து களத்துக்கு ஒரு யோசனை சொன்னாலும் அணி பதினைந்து கெஜம் பின்னால் போக வேண்டும். அந்தக் காலத்தில் அதுதான் ஆட்டத்தின் சட்டம். நடுவர்களில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்து நின்றார்.

பெல்டன் கும்பலுக்குக் கொண்டாட்டம். "ஏய் கேஸ்பரு! உன் பசங்க தாயில்லாக் கோழிக்குஞ்சாட்டம் நிக்கிறானுங்க பாரு! ஏதாச்சும் சொல்லேன்!"

கேஸ்பர் தோல் தொப்பியின் வாரைக் கடித்துக்கொண்டான்.

இப்போது ஆட்டம் டாலன் கையில். ஆலையில் கரி வண்டி தள்ளுகிறவன். பந்தோடு எதிரணி வரிசையில் இரண்டு முறை முட்டிப் பார்த்தான், அது நகரவில்லை. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். ஜாடை காட்டினாலும் தண்டனை. கேஸ்பர் வானத்தைப் பார்த்தான்.

டாலன் நாலடி பின்வாங்கிக் கையை ஓங்கினான். பந்தை எறியப் போகிறான்! எறிவது சோம்பேறி ஆட்டம் என்று மூன்று வருடமாகத் திட்டி வந்தவன் கேஸ்பர். 'வேணாம்டா' தொண்டை வரை வந்தது. விழுங்கினான்.

பந்து காற்றில் தள்ளாடிப் போய், ஓரமாக ஓடிய சக ஆட்டக்காரன் நெட்டை வில்மரின் கையில் விழுந்தது. அவன் எல்லைக் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி எடுத்து, நிற்கத் தெரியாமல் வேலியையும் தாண்டினான்.

ஆட்டம் ஜெயித்து முடிந்ததும் டாலன் ஓடி வந்தான். "எறிஞ்சதுக்குத் திட்டாதண்ணே. நீ எதுவும் சொல்லல, அதான்..."

"எங்கடா கத்துக்கிட்ட?"

"தினம் சாப்பாட்டு நேரத்துல, ஆலைக்குப் பின்னால. நீ தூங்கிட்டிருப்ப."

ஹாஸ்கின் வந்தார். "வேல உனக்குத்தான் கேஸ்பர். ஆனா ஆடக் கூடாது. பெஞ்சுலயே இரு."

"வாய மூடிக்கிட்டா?"

"அதுக்குத்தானப்பா சம்பளமே!"

கேஸ்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாலனின் தோளைப் பிடித்து எழுந்தான். "நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல என்னைய எழுப்புடா. நீ எப்படி எறியிறேன்னு பாக்கணும்."