கதவில் பதிந்த கை

தார் ஒட்டிய காரைத் துடைப்பதென்றாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். தசராவுக்குள் முடிக்க ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. அந்த வழியாகப் போய் வந்த என் முதலாளி வக்கீல் நஞ்சுண்டசாமியின் சந்தன நிறக் கார், மட்கார்டெல்லாம் கரும்புள்ளியாக வந்து நின்றது. அது போதாதென்று கதவில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை.

ரோட்டு வேலைக்காரி ஒருத்தி காசு கேட்டுக் கதவில் சாய்ந்தாள் என்று வக்கீல் கன்னடத்தில் சொன்னார். இப்போதே சுத்தமாக வேண்டும் என்றார். அந்தப் பெண்பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

தாரைக் கடலை எண்ணெயில் ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ரோட்டு வேலைக்குப் போகும் என் மனைவி சித்தம்மாவின் கைக்குத் தினமும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அன்று அவசரம். சீமெண்ணெய்த் துணியால் விரல் விரலாக அழுத்தித் தேய்த்தேன். தார் போயிற்று.

வீட்டில் சித்தம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"நம்ம ஊரு லிங்கம்மாள ஒரு சந்தனக் கலரு காரு அடிச்சுப்போட்டு நிக்காமப் போயிருச்சுங்க. கதவப் புடிச்சுட்டே இழுபட்டா. நாங்க கத்துனது அவனுக்குக் காதுல உழுகல. உசுரு போயிருச்சுங்க. யாரு காருன்னே தெரியல."

என் கையில் சீமெண்ணெய் வாடை. சோற்றைத் தள்ளி வைத்தேன். செத்தவளைத் திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் வெயில் ஏறியதும் கதவைப் பார்த்தேன். கை அங்கேயே இருந்தது. சீமெண்ணெய் மெருகைத் தின்றுவிட்டதில், நான் தேய்த்த ஐந்து விரலும் மங்கித் தெரிந்தன. மெழுகு பூசினேன். காய்ந்ததும் மறுபடி வந்தது. மூன்று தரம் பூசினேன். "உட்டுரு தாயி" என்று அதனிடமே கெஞ்சினேன்.

அப்போதுதான் போலீஸ்காரர் வந்தார். ஊரிலுள்ள சந்தன நிறக் கார்களையெல்லாம் பார்த்து வருகிறாராம். கதவைக் காட்டி இது என்ன என்றார். கார் துடைக்கும் கரியப்பன் கை என்று வக்கீல் முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், அவர் குடியிருக்கக் கொடுத்த அறையும் போகும் என்று புரிந்தது.

கையை வைத்துக் காட்டச் சொன்னார் போலீஸ்காரர். வைத்தேன். என் முரட்டுக் கை அந்தச் சின்னக் கையை முழுக்க மூடிவிட்டது. ஒரு விரல்நுனிகூட வெளியே தெரியவில்லை. அவர் சரிதான் என்று தலையாட்டிவிட்டு நோட்டை மூடினார்.

கதவு வெயிலில் சுட்டது. உள்ளங்கைக்கு அடியில் அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. போலீஸ்காரர் கேட்டைத் தாண்டப் போனார். கன்னடம் வாயில் வரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கத்தினேன்.

"போகாதீங்க சாமி! இது லிங்கம்மா கைங்க. தாரத் தொடச்சவன் நானுங்க."

அதற்கப்புறம்தான் கையை எடுத்தேன்.