ஆறு விரலில் நூல்

தையற்காரி ஆறு விரல்களில் நூல் சுற்றிக்கொண்டுதான் தேர்வு அறைக்குள் போனாள். இடக்கையில் ஐந்து, வலக்கைக் கட்டைவிரலில் ஒன்று. ரஷ்ய மொழியில் பெயர்ச்சொல்லுக்கு ஆறு வேற்றுமை. சொல்லின் வால் மாறினால் விஷயமே மாறிவிடும். புத்தகத்தை வைத்துப் படித்தது மண்டையில் ஏறவில்லை. வேற்றுமைக்கு ஒரு நிறம், ஒரு விரல் என்று பிரித்துக்கொண்டு, தைத்தபடியே முணுமுணுத்துப் பழகினாள். கொடுப்பதற்குப் பச்சை, மோதிரவிரலில். கூட வருவதற்கு நீலம், நடுவிரலில். இல்லாததற்குக் கறுப்பு, சுண்டுவிரலில்.

"நமக்கே எட்டு இருக்கு அண்ணி, அவங்களுக்கு ஆறுதானே. இதுக்கா இவ்ளோ பாடு?" என்று நாத்தனார் கேட்டபோது, ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டு அடுத்த ரவிக்கையை இழுத்துக்கொண்டாள்.

வெல்டர் புருஷன் ரஷ்யாவில் ஒரு பனி ஊருக்குப் போய் மூன்று வருஷம். மொழித் தேர்வில் தேறினால்தான் இவளுக்கு அங்கே குடியிருக்க அனுமதி. இரண்டு தடவை கோட்டைவிட்டாயிற்று, இதுதான் கடைசி. அவனுடைய ஃபோனும் வாரத்துக்கு ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அங்கே வேறு யாரோ என்று தெரு தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, இவளுக்காக வருத்தப்படவும் ஆரம்பித்திருந்தது.

தேர்வு நடத்தும் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"கையில என்னம்மா?"

"நூலுங்க."

"அது தெரியுது. எதுக்கு?"

ஊசி குத்திவிட்டது என்று சொல்லியிருக்கலாம். 'ரவிக்கை நாளைக்கு ரெடி' என்று ஊருக்கே வாய் கூசாமல் சொல்கிறவளுக்கு, அந்த நேரம் பார்த்து உண்மை வந்து தொலைத்தது.

"விரலுக்கு ஒரு வேற்றுமைங்க. மறந்துடக் கூடாதுன்னு."

"இதுக்குப் பேரு பிட்டு."

"இதுல எழுத்தே இல்லீங்களே."

அந்த அம்மாள் மேசைமேல் கத்தரிக்கோலைத் தள்ளினாள். "வெட்டிட்டு உட்காருங்க. இல்லன்னா கிளம்புங்க."

ஆயுசுக்கும் கத்தரி பிடித்த கையாலேயே ஒவ்வொன்றாக வெட்டினாள். நிறங்கள் குப்பைக்கூடையில் விழுந்தன. விரல்களில் ஆறு பள்ளம் மிச்சம்.

அந்த அம்மாள் காட்டிய முதல் படத்தில் ஒரு பெண் யாருக்கோ சால்வை கொடுத்தாள். தையற்காரி மேசைக்கடியில் மோதிரவிரலைத் தடவினாள். பச்சை. சொன்னாள். அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டாள். முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. ரத்தம் ஏற ஏறப் பள்ளங்கள் நிரம்பிக்கொண்டே வந்தன. நீலம் இருந்த இடம் பாதியிலேயே காணாமல் போக, அந்தக் கேள்விக்கு எதையோ உளறி வைத்தாள்.

கடைசிக் கேள்வி: உங்கள் வீட்டில் யார் இல்லை?

சுண்டுவிரலைத் தேடினாள். மயிரிழை போல ஒரு கோடு இன்னும் இருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். எதிரே அந்த அம்மாளின் பேனா, காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே, நின்றது.